அடாது மழை பெய்தாலும் விடாது பறப்பவர்கள்

அந்தக் காலத்து நாடக நோட்டீஸில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "அடாது மழை பெய்தாலும் விடாது நடத்தப்படும்." நாடகக் கொட்டகைக்கு அது பெருமைதான். மிஞ்சிப் போனால் பார்க்க வந்தவர் வேட்டி நனையும், அவ்வளவே. அதே வீம்பை நான்கு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்துக்குள் கொண்டுபோனால் என்ன நடக்கும்? பதில் அமெரிக்க விபத்து விசாரணை அறிக்கைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் வாங்குவது கோடீஸ்வரர்கள் மட்டும் செய்யும் காரியம் இல்லை. 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் பாஸாக வேண்டும். பிறகு ஒரு செஸ்னா 172ஐ மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். வாத்தியார், பல் டாக்டர், மெக்கானிக் என்று சாதாரண ஆட்கள் எல்லாம் பறக்கிறார்கள். அருமையான விஷயம்தான், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இவர்களில் பலர் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பயந்துகொண்டே ஏறும் நண்பனிடம் சிரித்தபடி சொல்வார்கள்: "இந்தப் பயணத்தில் ஆபத்தான கட்டம், ஏர்போர்ட்டுக்குக் காரில் வந்தது. அது முடிந்துவிட்டது."

சுத்தப் பொய். பெரிய விமான நிறுவனங்களுக்கு அது பொருந்தும். குட்டி விமானங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் பொது விமானப் பிரிவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 200 உயிர்பலி விபத்துகள் நடக்கின்றன. இதை ஒப்பிட வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடுவதுதான் நேர்மை. பொய் சொல்லி ஒருவரை ஏற்றிக்கொண்டு போவது ஏமாற்று வேலை. ஏற்றுபவரும் அந்தப் பொய்யை நம்பினால் இன்னும் மோசம்.

சரி, ஏன் விழுகின்றன? எஞ்சின் நின்றுபோவதும் இறக்கை முறிவதும் சினிமாவில் வசதியான காரணங்கள். நிஜத்தில் பெரும்பாலான விபத்துகளில் விமானம் நன்றாகவே இருக்கிறது, விமானியின் முடிவுதான் கோளாறு. அமெரிக்க விமானிகள் இந்த நோய்க்கு ஒரு கிண்டல் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கெட்-தேர்-ஐட்டிஸ்'. போய்ச் சேர்ந்தே தீருவேன் என்கிற வியாதி.

ஜான் எஃப். கென்னடியின் மகன் கதை எல்லோரும் கேள்விப்பட்டதுதான். 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து புறப்பட்டார். மாசசூசெட்ஸில் உறவுக்காரர் கல்யாணம். அவருக்கு இருந்தது சுமார் 300 மணி நேர அனுபவம். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை. பயிற்சியாளர் ஒருவர் "கூட வரட்டுமா?" என்று கேட்டார். தனியாகவே ஓட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டார். கரையை ஒட்டிப் போகாமல் கடலைக் குறுக்காகக் கடந்தார். மேலே புகைமூட்டம், கீழே இருட்டுக் கடல், தொடுவானம் எங்கே என்றே தெரியாத இரவு. கடைசி நொடிகளில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் அதிகமான வேகத்தில் கீழே இறங்கியதாக ரேடார் காட்டியது. மூன்று பேரும் போனார்கள். எஞ்சினில் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டோ பைலட் கூட இருந்தது.

இது முட்டாள்தனம் இல்லை, காது செய்யும் துரோகம். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால் உலகம் தொடர்ந்து சுற்றுமே, அதே சமாசாரம்தான். உள்காதில் இருக்கும் திரவம்தான் உடல் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தபடியே திரும்பிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் திரவமும் விமானத்தோடு சேர்ந்துகொள்ளும். நேராகப் போவது போலவே தோன்றும். மூக்கு இறங்கி வேகம் கூடும்போது விமானி கைப்பிடியைப் பின்னால் இழுப்பார். சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை வைத்துப் பறந்து பழகாத 20 பேரை வைத்துச் சோதனை செய்தார்கள். வெளியே பார்க்க முடியாதபடி மறைத்ததும் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில். மூன்று நிமிடம் கூட இல்லை!

"அவர் கற்றுக்குட்டி, அனுபவசாலிக்கு இப்படி நடக்காது" என்பார்கள். நடக்கும். 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் கலிஃபோர்னியாவில் மலைச்சரிவில் மோதி 9 பேர் இறந்தார்கள். அது வாடகைச் சேவை, ஓட்டியவர் தொழில்முறை விமானி. 8,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இருந்தது. மேகத்துக்குள் நுழைந்தவர், மேலே ஏறுவதாக ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே இறங்கிக்கொண்டிருந்தார். மேகத்துக்கு யாருடைய பயோடேட்டாவும் தெரியாது.

இவை இரண்டையும் விட வயிற்றெரிச்சலான கதை ஒன்று உண்டு. 1996 ஏப்ரலில் ஜெசிக்கா டுப்ராஃப் என்ற 7 வயதுச் சிறுமி அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்து சாதனை செய்யப்போகிறாள் என்று டிவிக்காரர்கள் கொண்டாடினார்கள். உண்மையில் பொறுப்பு முழுவதும் கூட இருந்த பயிற்சியாளர் கையில். இரண்டாம் நாள் காலை, வயோமிங்கில் ஷயான் விமான நிலையம். 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிந்தது. விமானத்தில் அனுமதித்ததை விட அதிக எடை. இடியும் மழையும் நெருங்கிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் காத்திருந்து ஒரு காபி குடித்திருக்கலாம். ஆனால் அடுத்த ஊரில் கேமராக்கள் காத்திருந்தனவே! கிளம்பினார்கள். சிறுமி, அப்பா, பயிற்சியாளர் மூவரும் இறந்தார்கள். ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் அதனால் வந்த அவசரமான பயணத் திட்டமும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கையே எழுதியது.

கல்யாணம், பெரிய மனிதர், டிவி. இந்த மூன்றில் எது உயிரை விடப் பெரிது?

இங்கேதான் ஒரு கோஷ்டி எழுந்து நிற்கும். "எல்லாம் சட்டப்படிதானே செய்கிறோம்?" கென்னடியின் பயணமும் அன்றைய வானிலை அறிக்கைப்படி சட்டத்துக்கு உட்பட்டதே. 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால் பகலில் பயணிகளை ஏற்றலாம் என்கிறது விதி. அரைமணி நேர எரிபொருள் மிச்சம் இருந்தால் பகலில் போதும் என்கிறது. பரீட்சைக்கு 35 மார்க் மாதிரிதான் இதெல்லாம். 35 வாங்கினால் பாஸ். ஆனால் 35 மார்க் வாங்கிய டாக்டரிடம் யார் ஆபரேஷன் செய்துகொள்வார்கள்? அதனால்தான் நல்ல விமானிகள் தங்களுக்கென்று தனியாக ஒரு கோடு போட்டு வைக்கிறார்கள். இவ்வளவு காற்றுக்கு மேல் கிளம்ப மாட்டேன், மேகம் இவ்வளவு தாழ இருந்தால் கிளம்ப மாட்டேன், ஒரு மணி நேர எரிபொருள் மிச்சமில்லாமல் இறங்க மாட்டேன் என்று வீட்டில் நிதானமாக உட்கார்ந்து பேப்பரில் எழுதுவது. ஓடுபாதை ஓரத்தில், பின் சீட்டில் நண்பர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது யோசிப்பது அல்ல.

இன்னொரு கோஷ்டி: "இப்படிக் கணக்குப் பார்த்தால் பறப்பதில் என்ன ஜாலி?" இதே ஆட்கள்தான் சிர்ரஸ் விமானத்தில் முழு விமானத்துக்கும் சேர்த்து ஒரு பாராசூட் வந்தபோது, "அது ஓட்டத் தெரியாதவனுக்கு" என்று நக்கலடித்தார்கள். 2002இல் டெக்சாஸில் ஒரு விமானி முதன்முறையாக அதை இழுத்து உயிரோடு இறங்கினார். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பிழைத்திருக்கிறார்கள். நக்கலடித்த வாய்கள் எத்தனை பேரைக் காப்பாற்றின? அமெரிக்க விமானத் துறையின் பாடப்புத்தகம் விமானிக்கு ஆகாத ஐந்து மனப்பான்மைகளைப் பட்டியல் போடுகிறது. அதில் 'நான் யார் தெரியுமா' என்கிற ஆண்பிள்ளை வீறாப்பும் ஒன்று.

ஜாலிக்கு வருவோம். தனியார் விமானிகளிடம் 'நூறு டாலர் பர்கர்' என்று ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து ஊர் விமானத் தளத்துக்குப் பறந்துபோய் ஒரு பர்கர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவது. பர்கர் மலிவு, எரிபொருள்தான் நூறு டாலர் (இன்றைய விலையில் நூறு போதாது). வெட்டிச் செலவு என்று தோன்றலாம். ஆனால் பறப்பதன் சுகம் முழுவதும் அதில் இருக்கிறது. காலையில், வெயில் ஏறி காற்று தூக்கிப் போடுவதற்கு முன், வயலும் ஆறும் வரைபடம் போலக் கீழே நகர்வதைப் பார்க்கலாம். பர்கருக்காக யாரும் புயலுக்குள் நுழைவதில்லை. வானம் சரியில்லையா, நாளைக்குப் போகலாம். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இருப்பதால்தான் அது இன்பம். அந்தச் சுதந்திரத்தை அடகு வைத்துவிட்டுப் பறந்தால் அது பஸ் டிரைவர் வேலை. அதுவும் டைம் கீப்பர் திட்டுவாரே என்று பயந்து ஓட்டும் வேலை.

கடைசியாக, பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. விமானி "இன்றைக்கு வேண்டாம்" என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நண்பர்கள்தான் பாதி விபத்தை ஆரம்பித்து வைக்கிறார்கள். திரும்பி வந்துவிட்ட விமானியைக் கேலி செய்யாமல் ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம். மேகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்புவதற்குத் துணிச்சல் வேண்டும். முட்டிக்கொண்டு போவதற்கு வெறும் வீம்பு போதும்.

நாடகம் வேண்டுமானால் விடாது நடக்கட்டும். விமானம் நாளைக்கும் இருக்கும். அதில் ஏற ஆட்கள் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.