பாலைக்குப் போன பெரியவர்கள்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று எங்கள் பங்குப் பேரவை கூடிற்று. குடில் எங்கே வைப்பது, நள்ளிரவுத் திருப்பலிக்குப் பந்தல் போட வேண்டுமா, ஏழைக் குடும்பங்களுக்கு வேட்டி சேலை எத்தனை என்பனவெல்லாம் பேசி முடித்து, இறுதிச் செபத்திற்கு நான் எழுந்த வேளையில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சாமி, வின்சென்ட் தே பவுல் சபைப் பொருளாளர் இந்த வருஷமும் பாலைவனத்துக்குப் போய்விட்டார். கிறிஸ்துமசுக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. அவரை மாற்றிவிட்டால் என்ன?" சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணைவியார் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். திருவரங்கத்தில், அம்மா மண்டபத்திற்கு அருகில் சிறிய அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கின்றனர். டிசம்பர் முதல் வாரம் புறப்பட்டால் பிப்ரவரியில்தான் திரும்புவார்கள். போகுமிடம் இராஜஸ்தானம், ஜோத்பூரை அடுத்த ஒரு சிற்றூர். பொன்மலையில் இவருடன் தொழில் பழகிய நண்பர் ஒருவர் மாற்றலாகிச் சென்று, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். அவருடைய வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக மூன்று தம்பதியர் ஆண்டுதோறும் கூடுகின்றனர். எல்லாரும் பழைய பணிமனைத் தோழர்கள். எல்லாரும் எழுபதை எட்டியவர்கள். சமைக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள், மாலையில் மணலில் நடக்கிறார்கள். இவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

இந்தக் குற்றத்திற்கு நம்மவர் மூன்று பிரிவுகளில் வழக்குத் தொடுக்கின்றனர். பிறப்புப் பெருவிழாவைச் சொந்தப் பங்கில் கொண்டாடாமல் போகிறார்கள். கோயிலுக்குக் கொடுக்கக்கூடிய பணத்தை ஊர் சுற்றிச் செலவழிக்கிறார்கள். பெங்களூரில் மகள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்க, பாட்டியும் தாத்தாவும் பாலைவனத்தில் வெயில் காய்கிறார்கள்.

முதல் இரண்டையும் விரைவாகத் தீர்த்துவிடலாம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1248-ஆம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: கத்தோலிக்க வழிபாட்டு முறையில் எங்கே நிறைவேற்றப்படும் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் தீர்ந்தது. இந்தியில் மறையுரை கேட்டால் கிறிஸ்து பிறக்கமாட்டாரா? பணத்தைப் பற்றிய புகாரோ நகைப்புக்குரியது. ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியருக்கு உரிய இலவசப் பாஸில் செல்கிறார்கள். நண்பர் வீட்டில் தங்குகிறார்கள். கம்பு ரொட்டியும் பருப்பும் சாப்பிடுகிறார்கள். நம் பங்கில் ஒரு திருமண வரவேற்புக்கு ஒரே மாலையில் எரிக்கப்படும் பணத்தைப் பற்றி இதே பேரவையில் ஒருநாளும் ஒரு குரலும் எழுந்ததில்லை.

மூன்றாவது புகார்தான் கனமானது. அதில் நானே ஒருகாலத்தில் வழக்கறிஞனாக நின்றேன். ஈராண்டுகளுக்கு முன், புறப்படுமுன் ஆசீர் பெற வந்த அந்த அம்மையாரிடம், "பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டா அம்மா போகிறீர்கள்?" என்று கேட்டேன். கேள்வி போலிருந்தாலும் அது கண்டனமே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமி, முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பிள்ளைகளைப் பார்த்தேன். வீட்டில் என் பிள்ளைகளைப் பார்த்தேன். மாமியாரைப் பதினோரு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். இப்போதும் மகள் கூப்பிட்டால் மற்றப் பத்து மாதமும் போகிறேன். இந்த இரண்டு மாதம் மட்டும் கேட்கிறேன்" என்றார். "அங்கே என்ன அம்மா இருக்கிறது, வெறும் மணல்தானே?" என்றேன். "அங்கே என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, சாமி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்பர்களே, நாம் முதியோரை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை நிறுவினார். சுவக்கின், அன்னம்மாள் திருநாளையொட்டி சூலை நான்காம் ஞாயிறன்று அவர்களை முன்வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகிறோம். நானும் உருக்கமாக மறையுரை ஆற்றுகிறேன். ஆனால் மறுநாள் காலை அந்தப் பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு அப்பெரியவர் எங்கே போகிறார்? பேரனைப் பள்ளி வண்டியில் ஏற்றப் போகிறார். மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகன் கட்டிய மாளிகைக்குக் காவல் இருக்கிறார். சம்பளமில்லாத ஆயா, சம்பளமில்லாத காவற்காரர்: இவற்றை நாம் 'குடும்பப் பாசம்' என்று பெயரிட்டு அழைக்கிறோம். பாசம் அங்கே இல்லையென்று நான் சொல்லவில்லை. பாசத்தால் செய்வதையும், வேறு வழியின்றிச் செய்வதையும் நாம் பிரித்தறிவதில்லை என்றே சொல்கிறேன்.

முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில் ஒரு பெரியவர் இருந்தார். இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து. இரண்டு மகன்களின் வீடுகள். இருவரும் கடல்கடந்து வாழ்பவர்கள். மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீடாகச் சென்று விளக்கேற்றுவார். ஆள் இருப்பதாகத் திருடன் நினைக்க வேண்டுமாம். இரவு பத்து மணிக்கு மீண்டும் போய் அணைப்பார். காரைக்குடியில் அவருடைய இளமைக்கால நண்பர் ஒருவர் இருந்தார். போய்ப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் தங்க வேண்டும் என்று நான் அறிந்து ஆறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சிக்கும் காரைக்குடிக்கும் இடையே எத்தனை தொலைவு? காலையில் பேருந்து ஏறினால் மதிய உணவுக்கு முன் சேர்ந்துவிடலாம். "விளக்கு யார் போடுவது சாமி?" என்பார். நண்பர் இறந்த செய்தி வந்த அன்றும் விளக்கேற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்து அழுதார். நோயில்பூசுதல் கொடுக்க நான் சென்றபோது அந்தச் சாவிக்கொத்து தலையணைக்கு அருகில் கிடந்தது. அவரையும் நாங்கள் ஒரு சூலை ஞாயிறன்று பொன்னாடை போர்த்திப் பாராட்டியிருந்தோம்.

பாலைவனம் நம் மறைக்கு அந்நியமான இடமா? விடுதலைப் பயண நூலின் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மோசேயின் மாமனார் இத்திரோ, மகளையும் இரு பேரன்களையும் அழைத்துக்கொண்டு, மருமகன் பாளையமிறங்கியிருந்த பாலைநிலத்திற்கே வருகிறார். காலைமுதல் மாலைவரை தனியொருவராக மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்துப்போகும் மருமகனைக் காண்கிறார். பொறுப்பைப் பகிர்ந்தளிக்க ஆலோசனை சொல்கிறார். பிறகு? தம் சொந்த நாட்டிற்குத் திரும்பிவிடுகிறார். மோசே அவரை வழியனுப்பி வைத்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. கேர்சோமையும் எலியேசரையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இருந்து விடுங்கள் என்று மோசே கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

சனவரி 17-இல் நாம் வனத்து அந்தோனியார் திருநாளைக் கொண்டாடுகிறோம். பொங்கலின் சூடு ஆறுமுன்னரே வரும் திருநாள் என்பதால் ஆடுமாடுகளை மந்திரித்து அனுப்புவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருக்கு இரண்டு நாள் முன்னர், மரபுப்படி சனவரி 15-இல், வனத்துச் சின்னப்பரின் நினைவு. எகிப்தின் பாலையில் இவ்விருவரும் சந்தித்த கதையைப் புனித எரோணிமுஸ் எழுதி வைத்தார். அவர் கணக்கின்படி அந்தோனியாருக்கு வயது 90, சின்னப்பருக்கோ 113. நாள்தோறும் அரை அப்பம் கொண்டுவரும் காகம், விருந்தாளி வந்திருக்கிறார் என்று அன்று முழு அப்பம் கொண்டுவந்ததாம். அதை யார் பிட்பது என்று இரு கிழவர்களும் மாலைவரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாதாடினார்களாம். முடிவில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்களாம். கோயிலில் இக்கதையைச் சொல்லும்போது எல்லாரும் புன்னகைக்கிறார்கள். அதே பனிக்காலத்தில், அதே வயதில், ஜோத்பூர் மணலில் மூன்று கிழத் தம்பதியர் ரொட்டியைப் பங்கிட்டு உண்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

"அவர்கள் துறவிகள்; இவர்கள் ஊர் சுற்றிகள்" என்ற மறுப்பு வருமென்று அறிவேன். ஒப்பிட அவ்வளவு தூரம் போக வேண்டாம். காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்திற்கே வாருங்கள். மார்கழியில் பகல் பத்தும் இராப் பத்தும் நடக்கும் நாட்களில் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும், அமெரிக்காவிலிருந்துங்கூட, ஓய்வு பெற்ற தம்பதியர் வந்து தங்குகின்றனர். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் விடியற்காலைக் குளிரில் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு நடக்கின்றனர். பரமபத வாசல் திறக்கும் நாளுக்காகவே ஆண்டு முழுதும் வாழ்பவர்கள் உண்டு. அவர்கள் சமயம் வேறு, நம் சமயம் வேறு. எனினும் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்: திண்ணையில் அமர்ந்து பழைய நண்பருடன் காப்பி அருந்தும் அந்த முதியவரிடம், "பேரனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. முதுமைக்கென்று ஒரு காலமும் ஓர் இடமும் உண்டு என்பதை அந்தத் தெருக்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நட்பை நாம் இளைஞரின் விளையாட்டாக எண்ணிவிட்டோம். வள்ளுவர் 'நட்பு' என்றோர் அதிகாரம் எழுதியது போதாதென்று, 'பழைமை' என்று 81-ஆம் அதிகாரத்தையும் எழுதினார். நெடுநாள் பழகிய நட்பின் உரிமையைப் பேசுவதற்கே அது. சீராக்கின் ஞானநூலும் 6-ஆம் அதிகாரத்தில் இதையே நின்று பேசுகிறது. ஆண்டவரும் தம் சீடரை ஊழியர் என்றழைக்காமல் நண்பர் என்றழைத்தார். நாமோ எழுபது வயதானவரை மீண்டும் ஊழியராக்குகிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பேரப்பிள்ளை நோயுற்றுக் கிடக்க, மகள் கதறி அழைக்க, அதைப் பொருட்படுத்தாமல் போனவர்களுக்காக நான் வாதாடமாட்டேன். இன்னொன்று: பாலைக்குப் போக முடிந்தவர்கள் பேறுபெற்றவர்கள், நம் பங்கில் அவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய்வருவதே பெரும்பாடு. ரயிலில் முதியோருக்கு, ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். பெருந்தொற்று போயிற்று; சலுகை திரும்பவில்லை. இதைப் பற்றி எந்தப் பேரவையில் தீர்மானம் போட்டோம்? அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர்; குளிர்காலத்தில் ஓய்வு பெற்றோர் வண்டிவீடுகளோடு வந்து அங்கே குவிகின்றனர். அவர்களில் இன்பத்திற்காக வந்தவரும் உண்டு. 2008-இன் பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்து, வண்டியே வீடானவரும் உண்டு. ஜெசிகா புரூடர் என்பவர் 2017-இல் அவர்களைப் பற்றி நூலொன்று எழுதியிருக்கிறார். வீடுள்ளவன் பாலைக்குப் போவது ஓய்வு. வீடற்றவன் போவது துரத்தல். கோபப்பட வேண்டுமானால் இரண்டாவதைக் கண்டு கோபப்படுவோம். போக முடிந்தவரைத் தடுப்பதால், போக முடியாதவருக்கு ஒரு பயணச் சீட்டும் கிடைத்துவிடாது.

சென்ற வாரம் அந்தப் பொருளாளரிடமிருந்து கடிதம் வந்தது. அஞ்சலட்டையில் எழுதும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. நம் சிவன் கோயில்களில் நிற்கும் வன்னிமரந்தான் அங்கே கேஜ்ரி என்ற பெயரில் வயல்தோறும் நிற்கிறதாம். அதன் நெற்றைக் காயவைத்துக் கறி சமைக்கிறார்களாம். 1730-இல் அம்மரங்களை வெட்டவிடாமல் கட்டித்தழுவி 363 பேர் உயிர்விட்ட கேஜ்ரலி என்ற ஊருக்கு நண்பர்கள் அனைவரும் போய்வந்தார்களாம். துணைவியார் இந்தியில் நூறுவரை எண்ணப் பழகிவிட்டாராம். கடைசி வரியில், "மேட்டூர் அணையை மூடிவிட்டார்களா? காவிரியில் தண்ணீர் ஓடுகிறதா?" என்று கேட்டிருந்தார். சனவரி 28 ஆகவில்லை. இன்னும் ஓடுகிறது என்று எழுதிப் போட்டேன்.

பொருளாளரை மாற்றும் தீர்மானத்தின் நகல் என் மேசைமேல் இருக்கிறது. நான் அதில் ஒப்பமிடவில்லை. ஒப்பமிடுமுன் சபையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிடுவோமென்று பெட்டியைத் திறந்தேன். கணக்கு நயாபைசா பிசகாமல் இருந்தது. அதனடியில் ரப்பர் வளையம் போட்ட இரண்டு கட்டு உறைகள்: ஒன்று டிசம்பருக்கு, மற்றது சனவரிக்கு. 23 குடும்பங்களின் பெயரும் எழுதி, ஒவ்வொன்றிலும் அரிசிக்குரிய பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டிசம்பர்க் கட்டு கட்டியபடியே இருந்தது. கொடுக்க வேண்டிய பொறுப்பு, ஊரிலேயே இருக்கும் நம்முடையது.