கணக்கில் அடங்காத ஞானம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், மாத்தளையைக் கடந்து தம்புள்ளையை அடையுமுன் நாலந்தா என்னும் ஊர் வருகின்றது. பெருந்தெருவிலிருந்து சிறிது உள்ளே சென்றால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறிய கற்கோயிலைக் காணலாம். கெடிகே என்பது அதன் பெயர். பௌத்தர்களின் வழிபாட்டிடமாயினும், அதன் கட்டட அமைப்பு பல்லவர் காலத்துத் திராவிட முறையைத் தழுவியது. நாம் அண்மையில் அங்கு சென்றிருந்தபோது, உடன் வந்த மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியே இவ்வாரம் நம்மை எழுதத் தூண்டியது.

வழியில் நாம் யோசேவாஸ் முனிவரைப் பற்றிப் பேசிக்கொண்டு சென்றோம். அதற்குக் காரணம் உண்டு. நாலந்தாவுக்கு அதிக தொலைவிலில்லாத வஹாகோட்டை, கண்டி மன்னர் காலம் முதற்கொண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பழைய கிராமம். மேய்ப்பரின்றிச் சிதறிக்கிடந்த அத்தகைய மக்களைத் தேடி வந்தவரே யோசேவாஸ்.

கோவாவில் 1651ஆம் ஆண்டில் பிறந்த இக்குருவானவர், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலம் பூண்டு இலங்கையில் வந்திறங்கினார். அக்காலத்தில் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று அவர்கள் கட்டளை பிறப்பித்திருந்தனர். யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் மறைந்து தொண்டாற்றிய முனிவர், 1692இல் கண்டி இராச்சியத்துள் புகுந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். துணைக்கு வேறு குருமார் வந்து சேரும்வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இத்தீவில் அவர் தனியே உழைத்தார்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். பெற்றோர் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றோரையும் கைவிட்டு ஓடினர். யோசேவாஸ் ஓடவில்லை. தம் மருகரான யோசேப் கர்வாலோ சுவாமியாருடன், கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று, கொட்டிலமைத்துக் கிடத்தி, புண்களைக் கழுவி, உணவூட்டினார். இறந்தோரை அடக்கமும் செய்தார். அந்நோயாளரில் மிகப் பலர் அவருடைய சமயத்தைச் சார்ந்தவரல்லர்.

இதைக் கேட்ட மாணவர் சற்றே யோசித்து, "ஐயா, கணக்குப் பார்த்தால் அது பிழையல்லவா? நாடு முழுவதிலும் இருந்த குருமார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவர் நோயில் மடிந்திருந்தால், அவரையே நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மக்களின் கதி என்ன?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எளிதில் தட்டிக்கழிக்கத்தக்கதன்று. "அதனாலேதான் மன்னனுடைய சந்தேகம் நீங்கிற்று, மறைத்தொண்டு புரிய அவருக்குச் சுதந்திரமும் கிடைத்தது, ஆகவே கணக்கு இலாபத்தில்தான் முடிந்தது" என்று நாம் விடை கூறியிருக்கலாம். ஆனால், அவ்விடை நமக்கே திருப்தியளிக்கவில்லை. இலாபத்தை எண்ணி அவர் சென்றிருந்தால், அதுவும் கெட்டிக்காரனின் கணக்கேயன்றித் தெய்வ ஞானமாகாது. அவர் முதல் நாளே நோயுற்று, பெயர் தெரியாமல் மடிந்திருந்தாலும், அவர் செய்தது சரியே என்று சொல்ல நமக்குத் துணிவு வேண்டும்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனை ஆண்டவர் நமக்குக் காட்டினார். வியாபாரியின் கண்ணுக்கு அவன் மூடன். சிலுவையே உலகுக்குப் பேதைமையாகத் தோன்றுகிறது என்றன்றோ பவுலடிகளும் கொரிந்தியருக்கு எழுதினார்? மனித யுக்தி, "இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று தொடங்குகிறது. தெய்வ ஞானமோ, "இங்கே யார் கிடக்கிறார்?" என்று தொடங்குகிறது.

ஆயினும், நேயர்களே, ஒன்றை மறத்தல் கூடாது. யோசேவாஸ் அறிவை வெறுத்தவர் அல்லர். மாறுவேடம் பூண்டது அறிவு. தமிழையும் சிங்களத்தையும் கற்றது அறிவு. நோயாளரை ஓரிடத்திற் சேர்த்துப் பராமரித்ததும் அறிவே. அந்த வைசூரியை உலகிலிருந்து ஒழித்ததும் மனித அறிவுதான். 1796இல் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் தொடங்கிய அம்மைப்பால் முறை பரவிப் பரவி, 1980இல் அந்நோய் பூண்டோடு ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. "ஜெபம் போதும், மருந்து வேண்டாம்" என்று பிள்ளையை வருத்துவோர் தெய்வ ஞானத்தின் பெயரால் அறியாமையையே போற்றுகின்றனர்.

நாம் கெடிகேயைச் சுட்டிக்காட்டி மாணவரிடம் சொன்னோம்: "தம்பி, இக்கோயில் முன்பு இந்த இடத்தில் இருக்கவில்லை. மகாவலித் திட்டத்தின் நீர் இதனை மூழ்கடிக்கவிருந்த காரணத்தால், 1970களில் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, பின்னர் இம்மேட்டிலே மீண்டும் கட்டப்பட்டது. வெறுங் கணக்கோ, 'பழைய கற்கள்தாமே, போகட்டும்' என்று சொல்லியிருக்கும். இதை இழக்கலாகாது என்று மனம் முதலில் தீர்மானித்தது. எப்படிக் காப்பது என்பதைப் பின்னர் அறிவு கண்டுபிடித்தது."

நம் இல்லங்களிலும் இந்த வரிசையே மாறிப்போகின்றது. படுக்கையிற் கிடக்கும் பாட்டியை யார் பார்ப்பது என்று சகோதரர் கூடிப் பேசும்போது, செலவுக் கணக்கு முதலில் வருகின்றது. பாட்டியோ கடைசியில் வருகிறாள். சீதனம் குறைவென்று நல்ல சம்பந்தம் தள்ளப்படுகின்றது. பரீட்சையில் பின்தங்கிய தோழனுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் குறைந்துவிடுமோ என்று மாணவர் அஞ்சுகின்றனர். கணக்குப் பார்ப்பது குற்றமன்று. கணக்கு முதலில் பேசுவதே குற்றம். கடமை எதுவென்று ஆண்டவர் திருமுன் முதலில் தீர்மானியுங்கள். அதை நிறைவேற்றும் வழியை அதன்பின் அறிவிடம் கேளுங்கள். அது நல்ல ஊழியனாய் வழி சொல்லும்.

யோசேவாஸ் 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14இல் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால், வைசூரிக் கொட்டிலில் ஒரு நோயாளியின் வாயில் கஞ்சி வார்த்தபோது அவர் இவற்றுள் எதனையும் கண்டவரல்லர். அவர் கண்டது அந்த நோயாளியை மட்டுமே.

மாணவர் மறுமொழி கூறவில்லை. திரும்பும் வழியில், "ஊரில் ஒரு தோழன் இருக்கிறான், ஐயா, கணக்கில் கொஞ்சம் பின்தங்கியவன்" என்று மட்டும் சொன்னார்.