உபயகாரர் யார் என்று கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துவோம்.

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும் அதில் 'உபயம்' என்று பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். வெளிச்சத்தை விட எழுத்துத்தான் பெரிது என்று பகிடியும் பண்ணுவோம். பள்ளிவாசலுக்கு ஒரு மூடை சீமெந்து கொடுத்தால் அதற்கும் பற்றுச்சீட்டு உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசில் போட்டோக் கொப்பிக்கு 200 ரூபா செலவழித்தாலும் நாங்கள் பில் வைக்க வேண்டும். கணக்காய்வுக்கு வருபவர் அதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும். கொடிகாமம் சந்தையில் ஒரு கடகம் மாங்காயோடு குந்தியிருக்கிற அம்மாவிடம் காசு வாங்கினாலும் துண்டு கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு பாராளுமன்றக் கதிரைக்கு உபயகாரர் யார் என்று மட்டும் இந்த நாட்டில் எங்கும் எழுதியிருக்காது.

எந்தக் கம்பனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது? அந்தக் காசு யாருடைய காசு? கொடுத்த பிறகு அந்தக் கம்பனிக்கு என்ன கிடைத்தது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல்தான் நாங்கள் ஒவ்வொரு முறையும் வாக்குப் போடுகிறோம்.

வெறும் சந்தேகத்தில் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறோம்.

2015 பெப்ரவரி 27 அன்று நடந்த மத்திய வங்கி பிணைமுறி ஏலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் பெயர் அடிபட்ட கம்பனி பெர்பெச்சுவல் ட்ரஷரீஸ். அன்றைய மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் அர்ஜுன் அலோசியஸோடு தொடர்புடைய கம்பனி அது. இரண்டு வருடம் கழித்து ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ரவி கருணாநாயக்க நிதியமைச்சராக இருந்தபோது அவரது குடும்பம் இருந்த கொழும்பு ஆடம்பர மாடி வீட்டின் வாடகையை அலோசியஸோடு தொடர்புடைய வோல்ட் அன்ட் றோ என்ற கம்பனி கட்டியது என்று சாட்சியம் வந்தது. தனக்குத் தெரியாது என்றார் அவர். 2017 ஓகஸ்ட் 10 அன்று வெளிவிவகார அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

அடுத்த வருடம், 2018இல், தயாசிறி ஜயசேகர அதே கம்பனியிடமிருந்து பத்து இலட்சம் ரூபா காசோலை வாங்கியதை ஒப்புக்கொண்டார். 2015 தேர்தல் செலவுக்கு வாங்கினேன் என்றார். வாங்கிய மற்றவர்களின் பட்டியல் எங்கே என்று அப்போது நாடே கேட்டது.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் காசோலை எப்படி வெளியே வந்தது? கம்பனியின் வருடாந்த அறிக்கையில் வரவில்லை. வேட்பாளரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேறொரு குற்றத்தை விசாரிக்கப் போன குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வங்கிக் கணக்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பிணைமுறி மோசடி பிடிபடாமல் போயிருந்தால் அந்தப் பத்து இலட்சம் பற்றி எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. பிடிபடாத கம்பனிகளின் காசோலைகள் எத்தனை?

பத்து இலட்சம் ஒரு பெரிய காசா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பிணைமுறி விவகாரத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கும் நட்டம் வந்தது என்று ஆணைக்குழு கண்டது. அது எங்கள் பிள்ளைகளின் நிதி. ஆடைத் தொழிற்சாலையிலும் கடையிலும் கம்பனியிலும் நின்று உழைத்து மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்ட காசு. அதே அலோசியஸ் பணிப்பாளராக இருந்த மதுபானக் கம்பனி மென்டிஸ். அந்தக் கம்பனி 3.5 பில்லியன் ரூபா வற் வரி கட்டாத வழக்கில் 2024 ஜூலையில் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நாங்கள் சவர்க்காரத்துக்கும் கட்டுகிற அதே வற் வரிதான்.

வெளிநாட்டுக் கம்பனிக் கதையும் இருக்கிறது. 2018 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டிய சைனா ஹாபர் கம்பனியின் கணக்கிலிருந்து குறைந்தது 7.6 மில்லியன் டொலர் 2015 ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவின் பிரசாரத்தோடு தொடர்பானவர்களுக்குப் போனது என்று. அவர் மறுத்தார். எது உண்மை என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கணக்குப் புத்தகம் திறந்திருந்தால் செய்தியும் மறுப்பும் தேவைப்பட்டிருக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி.

"இப்போது சட்டம் வந்துவிட்டதே" என்பீர்கள். வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். நல்ல சட்டம், வரவேற்கிறோம். முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அரசு, வெளிநாட்டுக் கம்பனி, பெயர் தெரியாத ஆள் தருகிற காசை வாங்கக்கூடாது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா வீதம், ஒரு வேட்பாளருக்கு ஏறக்குறைய 187 கோடி ரூபா என்று உச்ச வரம்பும் போட்டார்கள்.

ஆனால் ஓட்டையைப் பாருங்கள். கணக்குக் கொடுக்க வேண்டியது வேட்பாளரும் கட்சியும்தான். காசு கொடுத்த கம்பனிக்கு ஒரு கடமையும் இல்லை. சட்டம் பார்ப்பது தேர்தல் காலத்தை. தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னமே கொடுத்தால்? வென்ற பிறகு கொடுத்தால்? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தை எடுங்கள். வருடாந்த அறிக்கையில் கொடுத்த நன்கொடைகளின் மொத்தத் தொகையைச் சொன்னால் போதும். முதியோர் இல்லத்துக்குக் கொடுத்ததும் அரசியல்வாதிக்குக் கொடுத்ததும் ஒரே வரியில் ஒரே இலக்கமாக நிற்கும். எங்கள் பாடசாலைக் கணக்கை இப்படி எழுதிக் கொடுத்தால் கணக்காய்வாளர் முகத்தில் எறிவார்.

வெளியில் எப்படி? பிரித்தானியாவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு கம்பனி வருடத்தில் 5,000 பவுணுக்கு மேல் அரசியல் நன்கொடை கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பங்குதாரர்களின் அனுமதி எடுக்க வேண்டும். 2,000 பவுணைத் தாண்டினால் யாருக்கு எவ்வளவு என்று பணிப்பாளர் அறிக்கையில் பெயர் போட வேண்டும். அதனால் அங்கே ஊழலே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு தாள் இருக்கிறது.

பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கள். 2018இல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். கம்பனி அரச வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், மக்களுக்குப் பெயர் தெரியாது. இலாபத்தில் 7.5 வீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று இருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2024 பெப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே இரத்துச் செய்தது. அடுத்த மாதம் பட்டியல் வெளிவந்தது. ஆகக் கூடுதலாக வாங்கியது யார் என்று பார்த்தால், கோயம்புத்தூர் லொத்தர் வியாபாரி மார்ட்டினின் பியூச்சர் கேமிங் கம்பனி. 1,368 கோடி இந்திய ரூபா! அதில் 509 கோடி திராவிட முன்னேற்றக் கழகத்துக்குப் போனது. திட்டத்தில் ஆகக் கூடுதலான காசு போனது ஆளும் பாரதீய ஜனதாவுக்கு. ஏழை கூலிக்காசில் லொத்தர் வாங்குகிறான். அந்தக் காசில் கட்சி வளர்கிறது. இதை அறிய அந்த மக்களுக்கு ஆறு வருடமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டது.

இங்கே லொத்தரின் இடத்தில் சாராயத்தை வைத்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்தது. அந்த ஒரு வருடத்தில் கொடுக்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 362. வடக்குக்கும் வந்தது. யார் காசு கொடுத்து எடுத்தார்கள் என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை, எங்களிடம் ஆதாரமில்லை. ஆனால் யார் பரிந்துரைத்தது, அவருக்குத் தேர்தலில் யார் கொடுத்தது என்ற இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற உரிமை, தன் பிள்ளை பார் வாசலால் பள்ளிக்கூடம் போகிற தாய்க்கு இல்லையா?

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் காலத்தில் ஸகாத் சேர்க்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். பெருமானார் கோபப்பட்டார்கள். தகப்பன் வீட்டில் சும்மா இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் சபையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். எந்தச் சமயத்தவருக்கும் விளங்குகிற கேள்வி இது. அந்த வேட்பாளர் வேட்பாளராக இல்லாமல் எங்களைப் போல் வெண்கட்டி பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தக் கம்பனி அவருக்குக் காசோலை எழுதியிருக்குமா?

சிலர் சொல்வார்கள், கம்பனி முதலாளியின் காசு, அவர் யாருக்கும் கொடுப்பார் என்று. சொந்தக் காசென்றால் சொந்தப் பெயரில் கொடுக்கட்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பனி ஒரு ஆளின் சொத்தல்ல. ஊழியர் சேமலாப நிதியே பல கம்பனிகளில் பங்கு வைத்திருக்கிறது. ஆக, நாங்கள் வாக்குப் போடாத ஆளுக்கு எங்கள் சேமிப்பே சுவரொட்டி ஒட்டியிருக்கலாம், எங்களுக்குத் தெரியாமலே.

இன்னொரு வாதம் நியாயமானது. பெயர் வெளியே வந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரைப் பழிவாங்குவார்களே? பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று இந்த மண்ணில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறோம், ஐயாயிரம் பத்தாயிரம் கொடுக்கிற சாதாரண ஆளை விடுங்கள். கம்பனியையும் பெரிய தொகையையும் மட்டும் கேளுங்கள். மற்றது, ஒளித்து வைப்பதால் அதிகாரத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதில்லை. இந்தியப் பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத இலக்கம் ஒன்று இருந்தது. அரச வங்கியிடம் அது இருந்தது. தெரியாமல் இருந்தது மக்களுக்கு மட்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: கம்பனிகள் சட்டத்தைத் திருத்துங்கள். அரசியல் நன்கொடையைத் தனி வரியாக, பெயரோடும் தொகையோடும், வருடாவருடம் போடச் செய்யுங்கள்.

இரண்டு: பங்குதாரரின் அனுமதி இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க விடாதீர்கள்.

மூன்று: அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்கிற, அனுமதிப்பத்திரம் எடுக்கிற கம்பனி கட்சிக்குக் கொடுப்பதை அடியோடு தடுங்கள்.

நான்கு எங்களுக்கு. 2025 மே மாதம் பிரதேச சபைத் தேர்தல் முடிந்தது. எங்கள் வட்டாரத்தில் நின்றவர்களின் கணக்கை எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி வந்தால், வாசிகசாலைக்குக் கதிரை வந்தால், ஒலிபெருக்கியில் நன்றி சொல்லி முடிக்கிறோம். யார் காசு, என்னத்துக்கு என்று கேட்பதில்லை. நாங்களும் குற்றவாளிகள்தான். அடுத்த முறை ஒரு வேட்பாளர் படலைக்கு வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், மரியாதையாகக் கதையுங்கள். போகும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "உங்கட உபயகாரர் ஆர், தம்பி?"

பதில் சொல்லச் சங்கடப்படுகிறவருக்கு வாக்குப் போட நாங்களும் சங்கடப்படுவோம்.

கருத்துகளை எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம், எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறோம்.