பாட்டு யாருடைய சொத்து?

'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாட்டு ஹட்டன் கடைத்தெருவில் ஒலிக்கிறது. நுவரெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணிகளின் வண்டிகளிலும் ஒலிக்கிறது. 2021 மார்ச்சில் வெளியான நாள் முதல் கோடிக்கணக்கானோர் கேட்டுவிட்டனர். ஆடுகிறார்கள், ஆடட்டும். ஆனால் இதன் பின்னே தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு மூதாட்டி நிற்கிறாள் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

பாட்டை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய அறிவு, அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர். "திரும்பியவர்" என்று எழுதவே கை கூசுகிறது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட மக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கினர். தேயிலைப் பெட்டிகளையும் இப்படித்தானே எண்ணுவார்கள்!

பாட்டுக்கு நேர்ந்தது என்ன? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' ஏடு அதன் புகழைப் பேசிய அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் நிறுத்தியது. அறிவு இல்லை! கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனியே ஓர் இணைய அட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அவர் இல்லை. அமெரிக்காவில் இருந்தார் என்றனர், இருக்கலாம்.

பாட்டின் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வேறுபடுகின்றனர். அதைத் தீர்க்க நாம் நடுவர்களல்லர். தீயின் குரலையும் நாம் குறைத்துப் பேசவில்லை. 2024இல் சந்தோஷ் நாராயணனே, இப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. இந்த வழக்குகள் எப்படியும் போகட்டும். வள்ளியம்மாளின் வாழ்வு எவருடைய பங்கு என்பதில் யாருக்கேனும் ஐயம் உண்டோ? அட்டை தீட்டுவோரின் கத்தரி முதலில் வெட்டுவது அதைத்தான்.

"பாட்டைக் கேட்டோமா, இன்புற்றோமா, அரசியல் எதற்கு?" என்பார் உளர். தேநீர் அருந்துவோரும் இதையேதான் கேட்கிறார்கள். பாட்டு வெளிவந்த அதே மார்ச்சில்தான் இங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அதையும் எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின!

ஆசிரிய நண்பர்களே, மாணவர் இப்பாட்டைப் பாடினால் தடுக்காதீர்கள். பாடி முடிந்ததும் 1948ஐயும் 1964ஐயும் சொல்லுங்கள். மலைநாட்டு மக்களின் பாடல்களை அந்நாளில் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவ்வேலை இன்னும் முடியவில்லை. லயத்துப் பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் எழுதி வரச் சொல்லுங்கள். 'நாட்டார் பாடல்' என்று பொதுவாகத் தலைப்பிட்டு முடித்துவிடாமல், பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன் மூன்றையும் தாளின் மேலே எழுதச் சொல்லுங்கள்.