ஜோடிப் பாட்டில் மூன்றாவது ஆள்

ஒரே குடையின் கீழ் ராஜ்கபூரும் நர்கீசும் நடந்துவரும் மழைக் காட்சி நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1955இல் வந்த ‘ஸ்ரீ 420’ படத்தின் ஜோடிப் பாட்டு அது. பாஷை தெரியாதவர்களும் முணுமுணுத்த பாட்டு. பாடியவர்கள் லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும். எழுதிய சைலேந்திரா, பம்பாய் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர். இசை சங்கர்–ஜெய்கிஷன். இவ்வளவும் ஊரறிந்த விஷயம். செபாஸ்டியன் டிசோசாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

கோவாவிலிருந்து வந்தவர் அவர். 1950களின் தொடக்கம் முதல் இருபது ஆண்டுக்கு மேல் சங்கர்–ஜெய்கிஷனின் அரேஞ்சர். 1956இல் நம் ஏவி.எம். எடுத்த ‘சோரி சோரி’யிலும் இதே கூட்டுறவுதான்.

அரேஞ்சர் என்றால் என்ன வேலை? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவது மெட்டு. எந்த இடத்தில் வயலின்கள் எழும்ப வேண்டும், எங்கே அக்கார்டியன் பதில் சொல்ல வேண்டும், பாடகர் ஒரு வழியில் போகும்போது அடியில் எந்த வாத்தியம் வேறு வழியில் போக வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதித் தருகிறவர் அரேஞ்சர். ஜோடிப் பாட்டில் இந்த வேலை இரட்டிப்பு. பெண் குரலுக்கு ஏற்ற சுருதி வேறு, ஆண் குரலுக்கு ஏற்றது வேறு. அவள் நிறுத்தும் இடத்திலிருந்து அவன் தொடங்கும் இடத்துக்குக் கேட்பவர் காலில் கல் தட்டாமல் அழைத்துப் போக வேண்டும். அந்தப் பாலத்தைக் கட்டியது செபாஸ்டியன் போன்றவர்களின் பென்சில்.

கோவாவின் மாதாகோவில் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளும் மேல்நாட்டு இசைக் குறிப்பைப் படித்தார்கள். அந்தப் படிப்போடு பம்பாய்க்குப் பிழைக்க வந்தார்கள். எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே மூச்சில் வாசித்த காலம். ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. அன்றைய ரிக்கார்டிங்குக்கு அன்றைய கூலி, அத்தோடு கணக்கு தீர்ந்தது.

பாடகர்களுக்கும் ராயல்டியில் பங்கு வேண்டும் என்று 1960களில் லதா கேட்டார். கூலி வாங்கியதோடு உரிமை முடிந்தது என்றார் முகமது ரஃபி. ரஃபியின் குரலை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. மில் ஆபீசிலும் கேட்டிருக்கிறோம். இருவரும் சில வருஷங்கள் சேர்ந்தே பாடவில்லை. 1967இல்தான் சமாதானம்.

2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோருக்கு ராயல்டி உரிமை உறுதியானது. வரவேற்கிறோம். ஆனால் அரேஞ்சருக்குத் தனியாக ஒரு பங்கு என்று அந்தத் திருத்தம் வாய் திறக்கவில்லை. இசைக் குறிப்பை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை இயற்றியவரே இசையமைப்பாளர் என்கிறது சட்டம். அப்படியானால் எழுதினவர் கதி?

மெட்டு இல்லாமல் அரேஞ்சர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். வாஸ்தவம். அறுபதாம் நம்பர் நூலானாலும் தறியில் ஏறாமல் வேட்டியாகாது என்பதும் வாஸ்தவம்தானே? படத்தின் பெயர்ப் பட்டியலில் ‘உதவி’ என்று பொடி எழுத்தில் போடுவதை விட்டு, அரேஞ்சர் என்றே போடட்டும், பங்கையும் எழுதட்டும். சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

பம்பாயின் இன்னொரு கோவா அரேஞ்சர், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இரட்டையரில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். 1977இல் ‘அமர் அக்பர் ஆன்டனி’ வந்தபோது, சீடர் தம் குருவின் பெயரையே ஒரு பாட்டில் வரச் செய்தார். தேசமே அந்தப் பெயரைப் பாடியது. ஆன்டனி கொன்சால்வ்ஸ் என்று நிஜமாகவே ஒரு மனிதர் இருக்கிறார் என்று பாடியவர்களில் அநேகருக்குத் தெரியாது.