பியானோவின் பெயரும் பேணும் கையும்

விழா நினைவாக நம் இந்துக் கல்லூரி மண்டபத்துக்கு ஒரு கிராண்ட் பியானோ வழங்குதல் வேண்டும் எனப் பழைய மாணவர் சிலர் விழைகின்றனர். நல்விழைவே. எந்தப் பெயருடையது சிறந்தது, எது நெடுங்காலம் உழைக்கும் என்பதே அவர்தம் வினா. இதுபற்றி நம் கருத்தைக் கூறத் துணிகின்றோம்.

வியன்னாவின் போசெண்டோர்பர் 1828இலும், நியூயோர்க்கின் ஸ்டெயின்வேயும் பெர்லினின் பெக்ஸ்டெயினும் 1853இலும் தோன்றியவை. ஸ்டெயின்வேயின் உடற்சட்டம், வன்மையான மேப்பிள் மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி வளைத்து அமைப்பது. அதன் ஒலி பெருமண்டபத்தையும் நிறைக்கும். போசெண்டோர்பர் உடற்சட்டத்திலும் மென்மையான ஸ்புரூஸ் மரத்தைக் கையாள்வது. அதன் ஒலி கனிவுடையது என்பர். ஜப்பானிய யமஹா தன் முதற் கிராண்ட் பியானோவை 1902இற் செய்தது. அதனை நிறுவியவர், 1887இல் ஒரு பள்ளிக்கூடத்தின் பழுதுற்ற ஆர்கனைச் செப்பனிட்டே இத்தொழிலுக்கு வந்தார் என்பது கருதத்தக்கது.

நிற்க. எப்பெயரினதாயினும், பியானோவினுள் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் ஏறத்தாழ 20 தொன் விசையுடன் இழுபட்டு நிற்கின்றன. ஒலிப்பலகையோ மரம். வாடைக்கால ஈரத்தில் அது விரியும், கச்சானின் வறட்சியிற் சுருங்கும், சுருதி பிறழும். கல்முனைக் கடற்காற்றின் உப்போ கம்பியைத் துருவேற்றும். வெப்பநாடுகளுக்கென முற்காலத்திற் செய்த பிரித்தானியப் பியானோக்களில், பசையை மட்டும் நம்பாது, பித்தளைத் திருகாணிகளையும் முடுக்கினர்.

மருதமுனைக் கைத்தறிச் சேலை வாங்குவோர் கடையின் பெயரையா பார்க்கின்றனர்? நூலையும் நெசவையும் அன்றோ தொட்டுப் பார்க்கின்றனர்!

ஆதலின், உதிரிப்பாகமும் சுருதி சேர்ப்பவரும் கொழும்பிலிருந்தேனும் தவறாது கிடைக்கும் பியானோவே நமக்கு ஏற்றது. கிராண்ட் பியானோவினும் விலை குறைந்த நிமிர்ந்த பியானோ ஒன்று போதும். எஞ்சும் பணத்தை நிலைவைப்பாக்கி, அதன் வட்டியால் ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி சேர்ப்பித்தல் வேண்டும். மாணவர் ஒருவரையும் அக்கலையிற் பயிற்றுதல் வேண்டும். பேணுவாரற்ற ஸ்டெயின்வேயினும் பேணப்படும் எளிய பியானோ நெடிது வாழும்.

நம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் அமைப்பைப் பழைய நூல்களிலிருந்து ஆராய்ந்து கணித்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். மீட்டும் கையும் செய்யும் கையும் அற்றுப்போன கருவிக்கு ஓர் அறிஞர் பல்லாண்டு உழைக்க வேண்டியதாயிற்று. அன்பர்காள், கருவியை மட்டும் அளித்து, அதனைக் காக்கும் கையை அளியாது விடுதல் நமக்குத் தகுமோ?