எஞ்சினுக்கும் நாடி உண்டு

பிரித்துப் பூட்டிய மோட்டார் எஞ்சின் நடுங்க ஆரம்பித்தால், வண்டிக்காரர் பட்டறைக்காரரைச் சந்தேகிக்கிறார்; பட்டறைக்காரர் தமக்கு வந்து சேர்ந்த உதிரிச் சாமான்களைச் சந்தேகிக்கிறார். நடுங்குகிற எஞ்சினை விசாரிப்பவர் மட்டும் ஒருவரும் இல்லை. "மறுபடியும் பிரித்துவிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு லேசானதன்று. ஒரு முறை எஞ்சினைத் திறந்தால் புதுக் காஸ்கெட்டு, புது எண்ணெய், பல நாள் கூலி எல்லாம் திரும்பவும் ஆகும். அதிவேக வண்டியாயின் செலவு ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடக் கூடும். அதைவிடப் பெரிய நஷ்டம், நன்றாக வேலை செய்த ஒரு தொழிலாளியின் நற்பெயர் காரணமின்றிப் போய்விடுவது. ஆகவே, பிரிப்பதற்கு முன் நாடி பார்க்க வேண்டும் என்பது நமது கட்சி. காய்ச்சல்காரனைக் கண்டவுடன் கத்தியை எடுக்கும் வைத்தியரை நாம் யாரும் வீட்டிற்கு அழைப்பதில்லை.

எஞ்சினின் நாடியாவது யாது? கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுக்கம் எத்தனை முறை வருகிறது என்ற கணக்குத்தான். இதை ஒரு மெய்யான வண்டியைக் கொண்டே பார்ப்போம். 1982 முதல் 1991 வரை ஜெர்மனியில் செய்யப்பட்ட போர்ஷே 944 என்னும் பந்தய ஜாதி வண்டி, நடுக்கம் என்ற பாடத்திற்கென்றே பிறந்ததுபோல் அமைந்திருக்கிறது.

ஆரம்பத்தில் அதற்கு 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின், சிலிண்டர்கள் நான்குதான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே ஏறும்போது மற்ற இரண்டும் கீழே இறங்கும். தராசுத் தட்டுகள் சமமாக நிற்பதுபோல் தோன்றும். ஆனால் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கிறது. இந்த வித்தியாசத்தால் ஒரு விசை ஈடுசெய்யப்படாமல் மிஞ்சி, கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை எஞ்சினை மேலும் கீழும் உலுக்குகிறது. பிஸ்டன் பெரிதாக ஆக உலுக்கலும் பெரிதாகும். 944-இன் சிலிண்டர் ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் விட்டமுடையது. உலுக்கலுக்குக் கேட்பானேன்!

இதற்குப் பரிகாரம் கண்டவர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கில என்ஜினீயர். 1868-இல் பிறந்து 1946-இல் காலமான இவர், கிராங்க்கைப்போல் இரு மடங்கு வேகத்தில், எதிர் எதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளைப் பொருத்தினால் அந்த உலுக்கல் அடங்கும் என்று கண்டார். இரண்டு தண்டுகளின் மேல்கீழ் விசைகள் ஒன்றாகக் கூடி எஞ்சினின் உலுக்கலை எதிர்க்கும்; பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த யோசனை பிறந்த நாட்டில் பல காலம் பெருவாரியாகக் கையாளப்படவில்லை. 1975-இல் ஜப்பானிய மிட்சுபிஷி கம்பெனியார் அதைச் செம்மைப்படுத்தி விற்பனை வண்டிகளில் பூட்டினார்கள். பின்னர், வண்டித் தொழிலில் பேர்போன ஜெர்மானியப் போர்ஷே கம்பெனியாரே மிட்சுபிஷியிடம் உரிமை பெற்றுத்தான் 944-இல் அதை உபயோகித்தார்கள். முதலில் நினைத்தவன் பெயர் ஏட்டில் இருக்கும். விடாமல் செய்து முடித்தவன் வீட்டில்தான் அடுப்பு எரியும். நம் தேசத்தார் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் இது.

இனி, பிரித்துப் பூட்டிய 944 ஒன்று நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுக்கம் எஞ்சினுடையதுதானா என்பது முதற் கேள்வி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கியரிலும், பிறகு அதே வேகத்தில் வேறு கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் நடுக்கம் ஒரே மாதிரியாக இருந்தால் குற்றம் சக்கரத்திலோ டயரிலோ இருக்கலாம்; எஞ்சின்மேல் பழி வேண்டாம். கியர் மாறியதும் நடுக்கமும் மாறினால் எஞ்சின் பக்கம் திரும்பலாம்.

அடுத்து, வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு எஞ்சினை ஓட்டிக்கொண்டே கிளட்ச்சை அழுத்துங்கள். 944-இல் எஞ்சின் முன்னாலும் கியர்ப் பெட்டி பின்னாலும் இருக்கின்றன. இடையே ஒரு குழாயினுள் நீண்ட தண்டு ஒன்று பேரிங்குகளின்மேல் சுழல்கிறது. கிளட்ச்சை அழுத்தியதும் நடுக்கம் தணிந்தால், கிளட்ச் தட்டையோ அந்தத் தண்டையோ அதன் பேரிங்குகளையோ விசாரிக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளையும் மறக்கலாகாது. இவ்வண்டியில் அவை திரவம் நிரம்பியவை. திரவம் கசிந்துவிட்டால் அமுங்கிப்போய், எஞ்சினின் இயல்பான அசைவைக்கூட இருக்கைவரை கொண்டு வந்துவிடும். எஞ்சினைப் புதிதாக்கிப் பழைய மவுண்டின்மேல் ஏற்றி வைத்துவிட்டு, வேலை சரியில்லை என்று சொல்வது நியாயமா?

இவற்றையெல்லாம் கடந்தும் நடுக்கம் நின்றபாடில்லையென்றால், இப்போது நாடியைப் பிடியுங்கள். எஞ்சின் நிமிஷத்திற்கு 1,200 சுற்றுச் சுற்றினால், வினாடிக்கு 20 சுற்று. இக்காலத்துக் கைப்பேசிகளில் அசைவை அளக்கும் சிறு உணர்கருவி இருக்கிறது. அளந்ததை வரைபடமாகக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. கைப்பேசியை வண்டியின் தளத்தில் அசையாமல் வைத்துப் பார்த்தால், வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று ஒருவாறு தெரிந்துவிடும்.

வினாடிக்கு 10 என்று வந்தால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் பற்றுகிறது. ஆகையால், ஏதோ ஒரு சிலிண்டர் சோம்பிக் கிடக்கிறது. இந்த நடுக்கம் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகுந்தும், வேகம் ஏற ஏறக் குறைந்தும் தோன்றும். இன்ஜெக்டர்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியும் எஞ்சின் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அந்தச் சிலிண்டரே குற்றவாளி. அதன் ஸ்பார்க் பிளக்கையும் அழுத்தத்தையும் சோதிப்பது அரை நாள் வேலைகூட ஆகாது.

வினாடிக்கு 20 என்று வந்தால், சுற்றுக்கு ஒருமுறை. சுழலும் பொருளிலோ பிஸ்டன்களிலோ எடை சமமாக இல்லை. ஃப்ளைவீலைக் கடைந்து இலேசாக்கிவிட்டுச் சமன் பாராமல் பூட்டியிருக்கலாம். கிளட்ச்சின் மூடி மாறியிருக்கலாம். ஒரு பிஸ்டன் மட்டும் மற்றவற்றைவிடக் கனமாக இருக்கலாம். அற்ப எடைதானே என்று எண்ண வேண்டாம். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் 10 கிராம், நிமிஷத்திற்கு 6,000 சுற்றில் ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கும்!

வினாடிக்கு 40 என்று வந்தால், சுற்றுக்கு இருமுறை. லாஞ்செஸ்டரின் தண்டுகளைப் பார்க்க வேண்டியதுதான். இந்த உலுக்கல் வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். 1,200 சுற்றில் பொருட்படுத்த முடியாதபடி இருப்பது 4,800 சுற்றில் 16 மடங்காகிவிடும். 944-இல் இத்தண்டுகளை, இருபுறமும் பற்களுள்ள தனி பெல்ட் ஒன்று சுழற்றுகிறது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கையில் தண்டுகளின் பற்சக்கரக் குறிகள் உறையிலுள்ள குறிகளோடு நேராக நிற்க வேண்டும். ஒரு தண்டு அரைச் சுற்று மாறிப் பூட்டப்பட்டால் என்ன ஆகும்? தண்டுகளின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பக்கவாட்டு விசைகள் கூடிக்கொள்ளும். பழைய உலுக்கல் அப்படியே இருக்க, புதிதாக ஒரு பக்கவாட்டு உலுக்கலும் சேரும். பிணி தீர்க்க வந்த மருந்தே பிணியாகிவிடும்! கைதேர்ந்த தொழிலாளி அந்த பெல்ட்டைக் கழற்றி, எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டிப் பார்த்து, நடுக்கம் குறைந்தால் தண்டுகள் தவறாக நின்றன என்று உடனே சொல்லிவிடுவார். அதைத் திருத்த, எஞ்சினின் முன்புற உறையைத் திறந்தால் போதும். உள்ளே கை வைக்க வேண்டியதில்லை.

போகட்டும் என்று நடுங்கும் வண்டியை அப்படியே ஓட்டுவதும் கூடாது. இந்த பெல்ட்டுக்கு அருகிலேயே வால்வுகளை இயக்கும் பெல்ட்டும் ஓடுகிறது. முன்னது அறுந்து பின்னதில் சிக்கிக்கொண்டால், பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். அப்புறம் எஞ்சினை மெய்யாகவே பிரிக்க வேண்டியதாகிவிடும்.

ஆகவே, புது எஞ்சினோடு மல்லுக்கு நிற்கும் நேயர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: முதலில் எண்ணுங்கள், பிறகு சந்தேகியுங்கள், ஸ்பானரைக் கடைசியில் எடுங்கள். பட்டறைக்காரரிடம் "நடுங்குகிறது" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "சுற்றுக்கு இருமுறை நடுங்குகிறது" என்று சொல்லிப் பாருங்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்.